மலைமுடியும் மீன்பாரும்

ஆறு மலையிலே பிறந்து கடலிலே கலக்கிறது என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. அந்தச் செய்தியைப் பொருளுணர்ந்து படித்தவர்கள் மிகச் சிலரே. அகத்திய மலைச் சாரலில் தோன்றி, காட்டாக்கடைக்கு அருகே அணையில் தேங்கி, நெய்யாற்றின்கரையைத் தழுவிச் சென்று, பூவாற்றுப் பொழிமுகத்தில் அரபிக் கடலோடு சேர்கின்ற நெய்யாற்றின் நீளம் 56 கிலோமீட்டர்தான். காவிரியையும் கங்கையையும் கண்டவர்களுக்கு அதனை ஆறு என்று அழைக்கவும் மனம் ஒப்பாது. ஆயினும் அந்த 56 கிலோமீட்டருக்குள் யானை நடமாடும் காடும், முதலை வாழும் நீர்த்தேக்கமும், கெண்டையும் வராலும் துள்ளும் கயங்களும், கட்டுமரம் தள்ளும் மணற்கரையும் அடங்கிக் கிடக்கின்றன. பல்கலைக் கழகத்தில் வனவிலங்கு நூலும் மீன்வள நூலும் கற்பது குறித்து இன்று சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன். அதற்கு எங்கள் நெய்யாற்றையே துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

நான் பாறசாலைக்கு அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஆகவே எங்களூர்த் தமிழர் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே வெளிமாநிலத் தமிழர் ஆனவர்கள். மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் இருந்து இதனைக் கேட்கும் நீங்கள் ரயிலேறிச் சென்று அடைந்த நிலையை நாங்கள் இருந்த இடத்திலேயே அடைந்தோம். அந்த உறவின் உரிமையோடுதான் பேசுகிறேன்.

சென்ற ஆண்டு மும்பையிலிருந்து என் தங்கையின் மகள் ஒரு கடிதம் எழுதியிருந்தாள். “மாமா, நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறேன். மீன்வளம் படிக்கலாமா, காட்டு விலங்குகளைப் பற்றிப் படிக்கலாமா என்று இரண்டு மனமாக இருக்கிறது. அப்பா இரண்டும் வேண்டாம் என்கிறார். நீங்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பார்” என்பது அதன் சாரம். அதே உறையில் என் மைத்துனர் தம் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: “மீன் நாற்றத்தைச் சுமக்கவா இவளை இத்தனை ஆண்டு படிக்க வைத்தேன்?”

மைத்துனர் நல்லவர். வீட்டில் மீன் இல்லாத நாளில் சோறு இறங்காது. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் என்றால் மும்பையிலிருந்தே புறப்பட்டு வருவார். மீனை விரும்புகிறோம், மீன் பிடிப்பவரையும் மீனைப் பற்றிப் படிப்பவரையும் சற்று எட்டவே நிறுத்துகிறோம். மருத்துவம் பயிலும் பிள்ளையிடம் நோயாளியின் புண் நாறும் என்று எவரும் சொல்லித் தடுப்பதில்லை என்பதை அவருக்கு எழுதினேன். ஆனால் அவருடைய கேள்வியை ஏளனத்தால் மட்டும் தள்ளிவிடுவது முறையன்று. பெற்றவர் பொருள் செலவிட்டுப் பிள்ளையைப் படிக்க வைக்கிறார். அங்கே என்ன கற்பிக்கிறார்கள், அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பது அவர் உரிமை.

மீன்வளப் பட்டம் நான்கு ஆண்டுப் படிப்பு. மீனின் உடலமைப்பு, இனப்பெருக்கம், நோய், குளத்திலும் கூண்டிலும் மீன் வளர்க்கும் முறை, வலையும் படகும் அமையும் விதம், பிடித்த மீனைக் கெடாமல் காத்தலும் பதப்படுத்தலும், சந்தைப் பொருளாதாரம், கற்றதை மீனவரிடம் கொண்டு சேர்த்தல் ஆகிய எல்லாம் அதில் உண்டு. வகுப்பறையில் பாதி, தண்ணீரில் பாதி என்று சொல்லலாம். வனவிலங்கு நூல் பெரும்பாலும் அதற்கு மேற்பட்ட முதுகலைப் படிப்பாகவே இருக்கிறது. விலங்கியலோ தாவரவியலோ வேறு அறிவியலோ முடித்தவர்கள் அதனை நாடுகின்றனர். காட்டில் தங்கி விலங்கின் வாழ்வைக் குறித்துக்கொள்வதும், காட்டைச் சார்ந்த மக்களின் வாழ்வை அறிவதும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலியவற்றைக் கற்பதும் அதன் பகுதிகள்.

இரண்டும் வெவ்வேறு கட்டடங்களில் நடக்கின்றன. வெவ்வேறு துறையினர் நடத்துகின்றனர். உள்ளே புகுந்து பார்த்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. கண்ணுக்குத் தெரியாததை எண்ணுவது எப்படி என்பதே அந்த வேர்.

ஒரு குளத்தில் எத்தனை மீன் இருக்கிறது? குளத்தை வற்ற வைக்காமல் எப்படிச் சொல்வது? நூறு மீனைப் பிடித்துச் செதிளுக்கருகில் ஓர் அடையாளமிட்டு மீண்டும் நீரில் விடுங்கள். அவை மற்ற மீன்களோடு நன்றாகக் கலக்கட்டும். சில நாள் கழித்து மறுபடியும் நூறு பிடியுங்கள். அவற்றில் பத்து மீன்களில் உங்கள் அடையாளம் இருந்தால், குளத்திலுள்ள மீன்களில் பத்தில் ஒரு பங்கு நீங்கள் அடையாளமிட்டவை என்று பொருள். ஆகவே மொத்தம் ஏறத்தாழ ஆயிரம். 1890களில் டென்மார்க்கு நாட்டுப் பீட்டர்சன் என்னும் அறிஞர் தட்டை மீன்களுக்கு அடையாளமிட்டு விட்டதிலிருந்து இந்த முறை வளர்ந்தது. கணக்கு எளிது, அதன் நிபந்தனைகள்தாம் கடினம். அடையாளம் உதிரக்கூடாது, அடையாளமிட்ட மீன் அதனாலேயே செத்துவிடக்கூடாது, ஒருமுறை பிடிபட்டது அஞ்சி வலைக்கு ஒதுங்கக்கூடாது. இந்த “கூடாது”களை ஒவ்வொன்றாகச் சோதித்து அறிவதற்குத்தான் பல்கலைக் கழகம் வேண்டியிருக்கிறது.

மீனுக்குப் பிறந்த அதே கணக்கு பின்னாளில் காட்டுக்குள் நுழைந்தது. புலிக்கு நாம் அடையாளமிட வேண்டியதில்லை. அதன் வரிகளே அடையாளம். ஒரு புலியின் வரி மற்றொன்றுக்கு அமையாது. கருநாடகத்து நாகரஹொளே காட்டில் தானே படமெடுக்கும் கேமராக்களைப் பாதையோரம் கட்டிவைத்து, எந்தப் புலி எத்தனை முறை படத்தில் விழுந்தது என்று பார்த்து, 1990களில் உல்லாசு காரந்து புலிகளின் தொகையைக் கணித்தார். அவர் முதலில் படித்தது இயந்திரப் பொறியியல் என்பதை எந்திரவியலையே வேதமாகக் கொண்ட பெற்றோர் கவனிப்பார்களாக!

தமிழர் ஒருவரின் கதையையும் சொல்ல வேண்டும். அகத்திய மலைக்கு மேற்கே எங்கள் நெய்யாறு பாய்கிறதென்றால், கிழக்கே திருநெல்வேலிச் சீமையின் களக்காட்டுக் காடுகள் இறங்குகின்றன. அந்தப் பக்கத்து நாங்குநேரியில் 1945இல் பிறந்தவர் ஏ. ஜே. டி. ஜான்சிங். சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தார். வேலை நிரந்தரம், மாதச் சம்பளம், மாலையில் வீடு என்று அமைந்த வாழ்வை விட்டு, 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்களைப் பின்தொடர்ந்தார். செந்நாயைக் கொன்றால் அரசு பணம் கொடுத்த காலத்தை அடுத்த காலம் அது. காட்டில் தன்னிச்சையாகத் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை முறைப்படி ஆராய்ந்த முதல் இந்திய அறிஞர் என்று அவரைச் சொல்வார்கள். 1985இல் டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் சேர்ந்தார். 2005இல் ஓய்வு பெறும்வரை அங்கே மாணவர்களையும் வனத்துறை அலுவலர்களையும் காட்டுக்குள் நடத்திச் சென்று கற்பித்தார். அவரும் வெளிமாநிலத் தமிழராகவே தம் உழைப்பின் பெரும்பகுதியைக் கழித்தவர். 2024 ஜூனில் பெங்களூரில் மறைந்தார்.

மலையையும் கடலையும் ஒரு வாழ்விலேயே கண்டவரும் உண்டு. 1951இல் ஆனைமலை, நெல்லியாம்பதி மலைத்தொடர்களின் ஓடை மீன்களைப் பற்றி ஆய்வுரை எழுதிய இளைஞர் ஈ. ஜி. சைலாசு. அவரே 1975 முதல் 1985 வரை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக விளங்கினார். அந்த நிலையம் 1947இல் சென்னையில் தொடங்கி, 1949இல் மண்டபத்துக்குச் சென்று, 1971இல் கொச்சிக்குத் தலைமையிடத்தை மாற்றிக்கொண்டது. எங்களூரிலிருந்து பார்த்தால் விழிஞ்ஞத்திலும் அதன் மையம் ஒன்று இருக்கிறது. பேருந்தில் போய்வரும் தூரம்.

நெய்யாற்றுக்குத் திரும்புவோம். அணையும் சரணாலயமும் 1958ஆம் ஆண்டின. நாடெங்கும் முதலைகள் அருகி வந்ததைக் கண்டு 1975இல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக 1977இல் நெய்யாறு அணைப்பக்கத்தில் முதலை வளர்ப்பு நிலையம் ஒன்று அமைந்தது. அங்கே வளர்ந்த முதலைகள் பின்னர் நீர்த்தேக்கத்தில் விடப்பட்டன. முதலை பெருகிற்று, நூலறிவு வென்றது என்று மகிழ்ந்திருக்கலாம். ஆனால் நீர்த்தேக்கம் வெறும் நீர்ப்பரப்பன்று. அதன் கரையில் குடிகள் உண்டு. குளிப்பவர், துணி துவைப்பவர், தூண்டில் போடுபவர், ஆடுமாடு ஓட்டி வருபவர் உண்டு. மக்கள் முதலையால் தாக்குண்டனர். ஆற்றில் இறங்க அஞ்சினர். முதலைகளைக் கொண்டுபோங்கள் என்று கூக்குரல் எழுந்தது.

அந்தக் கூக்குரலுக்குச் செவிசாய்க்க வேண்டுமா, முதலையைக் காக்க வேண்டுமா என்று இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவது எளிது. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்து அறிஞர்கள் செய்தது வேறு. முதலைகளை மறுபடி காட்டில் விட்ட அந்த முயற்சி முழுவதையும் ஆராய்ந்து 2006இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இத்தகைய ஆராய்ச்சியில் மாணவன் கேட்க வேண்டிய கேள்விகளைப் பாருங்கள். முதலை வெயில் காய்வதற்கும் முட்டையிடுவதற்கும் கரை எங்கே இருக்கிறது? அணை நீர் ஏறி இறங்கும்போது அந்தக் கரை என்ன ஆகிறது? அதன் இரையில் மீன் எவ்வளவு? நீர்த்தேக்கத்து மீனை மனிதரும் பிடித்தால் முதலைக்கு மிஞ்சுவது எவ்வளவு? மக்கள் எந்த நேரத்தில் எந்தத் துறையில் இறங்குகிறார்கள்? முதலையை அறிய மீன் நூல் வேண்டும். மீனை அறிய அணைக்கட்டின் நீர்க்கணக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கரையிலுள்ள கிழவியிடம் உட்கார்ந்து பேசத் தெரிய வேண்டும். வனவிலங்கையும் மீனையும் இரண்டு கட்டடங்களில் வைத்துக் கற்பிப்பது நிர்வாக வசதிக்காக என்றே எனக்குப் படுகிறது. நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

கடற்பக்கம் இறங்கிச் சாளையின் கதையைப் பார்ப்போம். வடதமிழ் நாட்டு நேயர்கள் இதனை மத்தி என்பார்கள். நாஞ்சில் நாட்டாரும் எங்களூராரும் சாளை என்போம். காட்டாக்கடைச் சந்தையிலே ஏழைக்கும் எட்டும் விலையில் வெள்ளி வெள்ளியாய்க் குவிந்து கிடந்த மீன் அது. 2012ஆம் ஆண்டு கேரளக் கரையில் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் சாளை கரையேறியது. 2021இல் கரையேறியது 3,297 டன். நூறு பங்கில் ஒரு பங்கு கூட இல்லை! சந்தைக்கு வரும் பெண்கள், “சாளை எங்கே போச்சு?” என்று மீன்காரியைக் கேட்டார்கள். மீன்காரி கடலைக் கேட்கச் சொன்னாள். கடலைக் கேட்கும் முறையைத்தான் மீன்வள நூல் கற்பிக்கிறது.

முதலில், 3,297 என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு கரையிலும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு படகையும் எண்ணுவது இயலாத காரியம். ஆகவே எந்தக் கரையில், எந்த நாளில், எந்தப் படகுகளைப் பார்ப்பது என்பதைத் தற்செயல் முறையில் தேர்ந்து, அங்கே ஆள் நின்று கூடை கூடையாகக் கணக்கெடுத்து, அதனைக் கொண்டு மொத்தத்தை மதிப்பிடுகின்றனர். கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் வேலை இது. விடியலில் மணலில் நின்று மீனை எண்ணும் அந்த ஊழியரின் பெயர் எந்த நூலிலும் வருவதில்லை. ஆனால் அவர் ஒருநாள் சோம்பி வீட்டிலிருந்தே எண்ணை எழுதினால், அதன்மேல் கட்டிய நூல் முழுவதும் சாயும்.

அடுத்தது, ஏன் குறைந்தது? சாளை கூடுவதும் குறைவதும் புதிதன்று. 1920களிலேயே சென்னை மீன்வளத் துறையைச் சேர்ந்த ஜேம்சு ஹார்னெல்லும் ராமசாமி நாயுடுவும் அதன் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்து எழுதினார்கள். கடல் வெப்பம், மழை, கீழ் நீர் மேலெழுவதால் பெருகும் நுண்ணுயிர்கள், குஞ்சு மீனையும் வாரி அள்ளும் வலைகள் எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் அறிஞரிடையே வாதம் உண்டு. ஆயினும் மனிதர் கையில் இருப்பது ஒன்றே, அது குஞ்சைப் பிடிக்காதிருத்தல். ஆகவே 2015இல் கேரள அரசு 14 வகை மீன்களுக்கு, இதற்குக் குறைந்த நீளமுள்ளதைப் பிடிக்கலாகாது என்று அளவு விதித்தது. சாளைக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14 சென்டிமீட்டர். சாளையின் வயிற்றைக் கீறி முட்டைப் பையைப் பார்த்தும், தலைக்குள்ளிருக்கும் சிறு கல்லைத் தேய்த்து அதன் வளையங்களை எண்ணியும் வயதறிந்தவர்களின் உழைப்பு இத்தகைய அளவுகளுக்குப் பின்னே இருக்கிறது. நாற்றம் என்று மைத்துனர் சொன்னாரே, அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் ஒரு கரையோரத்தின் அடுத்த ஆண்டுச் சோற்றுக்குக் கணக்குப் போடுகிறார்கள்.

இவ்வளவும் சொன்ன நான் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இயற்கை விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பொழியூர்ப் பக்கத்து மீனவர் மகன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். தேர்வில், “கடலில் மீன் மிகுந்துள்ள இடங்களை எவ்வாறு அறிவர்?” என்று ஒரு வினா. நுண்ணுயிர் மிகுதி, நீரோட்டம், வெப்பநிலை என்று பாட நூலில் உள்ளதை மற்றவர்கள் எழுதினார்கள். அவன் எழுதியது ஒரே வரி: “மலையைப் பார்த்தால் தெரியும்.” சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டுச் சுழியம் போட்டேன். வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன், பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் விளக்கம் சொல்ல எழுந்தான். உட்காரச் சொல்லிவிட்டேன்.

அவன் எழுதியது முழுவதும் சரி என்று நான் அறிந்தபோது எனக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. கடலடியில் ஆங்காங்கே பாறைத் திட்டுக்கள் உண்டு, பார் என்பார்கள். பாரில்தான் மீன் கூடும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே நீலம். பார் இருக்கும் இடம் தெரியாது. மீனவர் கிழக்கே திரும்பிப் பார்ப்பர். தொலைவில் தெரியும் மலைமுடி ஒன்றும் கரையிலுள்ள மாதா கோயில் உச்சியும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். வேறொரு திசையில் மற்றொரு குன்றும் ஒரு தென்னங்கூட்டமும் நேர்கோட்டில் வரவேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தூண்டிலை இறக்கினால் கீழே பார். நில அளவையாளன் கருவி கொண்டு செய்வதைக் கண்ணால் செய்திருக்கிறார்கள். தந்தை மகனுக்குச் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கடலில் மீன் எங்கே என்பதை மலைதான் சொல்கிறது. மலையும் கடலும் ஒன்றே என்று நான் இத்தனை நேரம் சுற்றி வளைத்துச் சொன்னதை அந்தப் பையன் மூன்று சொல்லில் எழுதியிருந்தான்.

அவன் அந்த ஆண்டோடு பள்ளிக்கு வரவில்லை. என் சுழியத்தால்தான் நின்றான் என்று சொன்னால் எனக்கு நானே மிகுந்த முக்கியத்துவம் கொடுத்துக்கொள்வதாகும். வீட்டில் வறுமையும் இருந்தது. ஆனால் அவனைத் தடுத்து நிறுத்தும் வகையில் பள்ளியில் ஒன்றுமில்லாமல் செய்தவர்களில் நானும் ஒருவன். இன்று அவன் கொச்சியிலிருந்து புறப்படும் ஆழ்கடல் படகில் வேலை செய்கிறான். தூத்தூர்க் கரையைச் சேர்ந்த தமிழர் பலர் நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வெளிமாநிலத் தமிழர் என்ற பட்டியலில் முதலில் எழுத வேண்டிய பெயர்கள் அவர்களுடையவை என்பேன்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இந்தக் கரையைத் தாக்கிற்று. கரையில் அறிவிக்கப்பட்ட எச்சரிக்கை, பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டவர்களின் காதுக்கு எட்டவில்லை. குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரம் மாவட்டத்திலும் பல வீடுகளில் ஆண்கள் திரும்பவில்லை. வானிலையை அறிந்தவர்கள் ஓரிடத்திலும் கடலை அறிந்தவர்கள் மற்றோரிடத்திலும் இருந்தார்கள். இடையில் இருவர் மொழியும் தெரிந்தவர் போதிய அளவில் இல்லை. மீன்வளப் படிப்பில் விரிவாக்கம் என்றொரு பாடம் உண்டு. மதிப்பெண்ணுக்காக மேலோட்டமாகப் படித்துத் தள்ளும் பாடம் அது. என்னைக் கேட்டால் அதனையே முதற் பாடமாக வைப்பேன்.

காட்டுப் பக்கத்திலும் இதே நிலைதான். அகத்திய மலையின் இரு சாரலிலும் வாழும் காணி மக்களின் துணையின்றி அங்கே எந்த ஆராய்ச்சியும் நடந்ததில்லை. 1987இல் காட்டில் உடன்வந்த காணிகள் களைப்புத் தீரத் தின்ற ஒரு காயைக் கண்டு அறிஞர்கள் வினவ, ஆரோக்கியப் பச்சை என்னும் மூலிகை வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அதிலிருந்து பாலோட்டுத் தாவரப் பூங்காவில் ஒரு மருந்து உருவாகி, வந்த வருவாயில் ஒரு பங்கு காணிகளின் அறக்கட்டளைக்குச் சேர்ந்தது. அந்தப் பங்கு போதுமா என்பது வேறு வழக்கு. அறிவைச் சொன்னவருக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டதே அந்நாளில் பெரிய செய்தியாக இருந்தது.

நிற்க. எங்கே படிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன்.

இந்தியாவின் முதல் மீன்வளக் கல்லூரி 1969இல் மங்களூரில் தோன்றியது. தூத்துக்குடிக் கல்லூரி 1977இலும், கொச்சிக்கடுத்த பனங்காட்டுக் கல்லூரி 1979இலும் எழுந்தன. பின்னர் கேரளத்தில் 2010இலும் தமிழ்நாட்டில் 2012இலும் மீன்வளத்துக்கெனத் தனிப் பல்கலைக் கழகங்களே அமைந்துவிட்டன. தமிழ்நாட்டுப் பல்கலைக் கழகத்தின் தலைமையிடம் நாகப்பட்டினம். பொன்னேரியிலும் தலைஞாயிற்றிலும் அதற்குக் கல்லூரிகள் உண்டு. சேரும் வழியில் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். இப்போதுள்ள முறைப்படி தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு இடம் தருகின்றனர். கேரளத்திலோ மருத்துவத்துக்கான நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்கின்றனர். களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்கு நடந்தே வந்துவிடலாம்; அதற்குள் தேர்வு மாறிவிடுகிறது. வெளிமாநிலங்களில் படித்த பிள்ளைகளிடம் சொந்த மாநிலச் சான்று கேட்பார்கள். அதனை முன்கூட்டியே தேடி வைத்திருத்தல் நலம். இவை தவிர, இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் வழியாக ஒரு பங்கு இடங்கள் நாடு முழுவதுக்கும் பொதுவான நுழைவுத் தேர்வால் நிரப்பப்படுகின்றன. எந்த மாநிலத்தில் வாழும் பிள்ளைக்கும் அந்த வாயில் திறந்திருக்கிறது. விதிகள் ஆண்டுக்காண்டு மாறுவன. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துக்கொள்க.

மேற்படிப்பு உங்கள் வாசலுக்கே வந்திருக்கிறது. மும்பையில் 1961 முதல் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இயங்குகிறது. கொல்கத்தாவுக்கு அருகே பாரக்பூரில் உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வனவிலங்கு நூலுக்கு டேராடூன் நிறுவனம் 1982இல் தோன்றியது. பெங்களூரில் தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையம் 2004 முதல் அதில் முதுகலைப் படிப்பு நடத்துகிறது. தமிழ்நாட்டிலேயே படிக்க விரும்புவோர் மயிலாடுதுறைக்கு அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியை நாடுவதுண்டு. இவற்றில் இடங்கள் மிகக் குறைவு, போட்டி மிகுதி.

வேலை பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மீன்வளம் படித்தவர்களுக்கு அரசுத் துறை, ஆராய்ச்சி நிலையங்கள், ஏற்றுமதி, இறால் வளர்ப்பு, தீவனத் தொழில், வங்கி என்று வாயில்கள் பல. வனவிலங்கு படித்தவர்களுக்கு அத்தனை இல்லை. ஓராண்டு, ஈராண்டுத் திட்டங்களில் குறைந்த ஊதியத்துக்கு ஒப்பந்த வேலை செய்து, திட்டம் முடிந்ததும் அடுத்ததைத் தேடுவோரை நான் அறிவேன். அட்டைக் கடியும் மலைக் காய்ச்சலும் அந்த ஊதியத்தில் சேர்ந்தவை. பெண் பிள்ளைகளுக்குக் காட்டு முகாமில் தனி வசதிகளைச் செய்து தருவதில் நம் நிறுவனங்கள் இன்னும் பின்தங்கியே இருக்கின்றன. இவற்றையெல்லாம் தங்கை மகளுக்கு ஒளிக்காமல் எழுதினேன். காட்டின் அழகைக் காட்டும் திரைப்படங்களைப் பார்த்து மயங்கி வருபவர்கள் முதல் மழைக்காலத்திலேயே ஊர் திரும்புவதைக் கண்டிருக்கிறேன்.

அவள் பதில் எழுதினாள். மீன்வளத்தில் சேர்ந்து, பிறகு ஆற்று மீனை எடுத்து மலைப்பக்கம் போகப் போகிறாளாம். ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று எண்ணுகிறாளாம். மைத்துனர் இன்னும் முழுமனத்தோடு இசையவில்லை. நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருகிறார்கள். நெய்யாறு அணையைக் காட்டிவிட்டு, மறுநாள் விடியுமுன் பூவாற்றுப் பொழிக்கு அழைத்துச் செல்வதாக இருக்கிறேன். என் பழைய மாணவன் அந்த நாட்களில் ஊரில் இருப்பான். சிறு வள்ளம் ஒன்று ஏற்பாடு செய்திருக்கிறான். கடலுக்குள் சென்றபின் எந்த மலைமுடியை எந்தக் கோயில் உச்சியோடு சேர்த்துப் பார்ப்பது என்று அவளுக்குக் காட்டச் சொல்லியிருக்கிறேன். “சார், நீங்களும் வருவீங்களா?” என்று கேட்டான். வருவதாகச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை அவன் பேசும்போது நான் குறுக்கிடப் போவதில்லை.